உடல் இயலாமையுள்ள பிள்ளை நம் பாடசாலையில்: சேர்க்கை முதல் பரீட்சை மண்டபம் வரை

சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதென்று முடிவானதும் பெரும்பாலான பாடசாலைகள் முதலில் தேடுவது மேசன் பாஸை. வாசலில் சரிவுப்பாதை எழும்பும். பெற்றோரும் நன்றி சொல்வார்கள். இரண்டாம் தவணைக்குள் பிள்ளையின் வரவு குறையத் தொடங்கும். விசாரித்துப் பார்த்தால் சரிவுப்பாதையில் குறை இராது. மலசலகூடக் கதவு குறுகலாக இருக்கும், விஞ்ஞானகூடம் இரண்டாம் மாடியில் இருக்கும், தூக்கிவிடும் சிற்றூழியர் லீவில் நிற்பார்.

ஆகவே இங்கே சொல்லப்படும் ஒழுங்கு வேறு. முதலில் பிள்ளையின் ஒரு நாளை அளக்க வேண்டும். பிறகு வகுப்பறையைக் கீழ்த்தளத்துக்கு இறக்க வேண்டும். அடுத்தது மலசலகூடம். சீமெந்து வேலை அதற்கும் பின்னால்தான். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பாடசாலைகளில் நிலம் குறைவு, மாடிகள் அதிகம், லிஃப்ட் அபூர்வம். அப்படிப்பட்ட வளவில் அதிபர் நேரசூசியில் செய்யும் ஒரு மாற்றம், இலட்சக்கணக்கில் செலவழிக்கும் கட்டட வேலையைவிடக் கூடுதலாகப் பலன் தரும்.

1. சேர்க்கை: மறுப்பை எழுத்தில் கேளுங்கள்

இயலாமையுள்ளோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதைத் தடுக்கிறது. அது 23ஆம் பிரிவில் உள்ளது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் நுழையக்கூடிய வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. இயலாமையுள்ளோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

நடைமுறையில் யாரும் "சேர்க்க மாட்டோம்" என்று சொல்வதில்லை. "எங்களிட்ட வசதி இல்லையே அம்மா, பிள்ளைதான் கஷ்டப்படும்" என்று கனிவாகச் சொல்லி அனுப்புவதே வழக்கம். இந்த வாய்வார்த்தையோடு வீடு திரும்ப வேண்டாம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியிடம் அதே கடிதத்தின் பிரதியுடன் போகலாம். அதிபர்களுக்கும் ஒரு வார்த்தை: கால் நடக்காத பிள்ளையை விசேட கல்வி அலகுக்கு அனுப்புவது தீர்வல்ல. கணக்குச் செய்ய முடிந்த பிள்ளைக்குச் சாதாரண வகுப்பே இடம்.

2. ஒரு பக்கத் தகவல் தாள்

வைத்திய அறிக்கையில் நோயின் பெயர் இருக்கும். வகுப்பாசிரியருக்குத் தேவையான விடயம் பெரும்பாலும் அதில் இராது. பெற்றோர், பிள்ளை, வகுப்பாசிரியர் மூவரும் சேர்ந்திருந்து ஒரே பக்கத்தில் எழுத வேண்டியவை:

- எவ்வளவு தூரம் தானாக நடக்கும் அல்லது நாற்காலியை உருட்டும், எதன் பிறகு களைக்கும்
- நாற்காலியிலிருந்து கதிரைக்கு மாற எத்தனை பேர் வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது
- மலசலகூட உதவி: என்ன, எத்தனை மணிக்கு, யார்
- எழுதும் வேகம்: 5 நிமிடத்தில் எத்தனை வரி
- மருந்து, ஒவ்வாமை, அவசரத்தில் அழைக்க வேண்டிய இலக்கம்
- உதவி வேண்டாம் என்று பிள்ளையே சொல்லும் விடயங்கள்

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் உடலைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரியும்.

லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ றாகமையில் இயலாமையுள்ள சிறுவர்களுக்காக உள்ள அயதி நிலையத்திலோ சிகிச்சை பெறும் பிள்ளையானால், இயன்மருத்துவரிடம் "பாடசாலையில் ஆறு மணித்தியாலம் எப்படி உட்கார வேண்டும்?" என்று கேட்டுக் குறிப்பு வாங்கி வரச் சொல்லுங்கள். பொதுவாகக் கேட்டால் "பயிற்சி செய்யுங்கள்" என்ற பொதுப் பதில்தான் கிடைக்கும்.

3. அளவுநாடாவோடு ஒரு நாள்

புதிய கல்வியாண்டு தொடங்குமுன், பாடசாலை நடக்கும் ஒரு நாளில், படலையிலிருந்து மணி அடித்து வீடு போகும்வரை பிள்ளை போகும் வழியெல்லாம் போய்ப் பாருங்கள். வெறும் வளவைப் பார்த்துப் பயனில்லை. இடைவேளையில் நடைபாதை நிரம்பியிருக்கும்போது, ஆசிரியர்களின் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருக்கும்போது பார்க்க வேண்டும். முடிந்தால் மழை நாளில் இன்னொரு தடவை. ஒக்டோபர், நவம்பர் மழையில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பது சிற்றூழியருக்குத் தெரியும், அவரையும் கூட்டிப் போங்கள்.

அளக்க வேண்டியவை சில. கதவைத் திறந்து வைத்தபின் கிடைக்கும் வழி 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் நல்லது. நிலைப்படி 2 செ.மீ. உயரம் இருந்தாலே சிறிய முன்சக்கரம் முட்டி நின்று பிள்ளை முன்னால் விழலாம். நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டம் வேண்டும். வடிகான் மூடிகளின் இடைவெளி முன்சக்கரத்தின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஊன்றுகோலோடு வரும் பிள்ளைக்கு வேறு ஆபத்து: வழுவழுப்பான தரையோடு ஈரம். ஊன்றுகோலின் அடி இறப்பர் தேய்ந்து வரி மறைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

4. வகுப்பறையைக் கீழே இறக்குங்கள்

இது செலவில்லாத வேலை, ஆனால் அதிகம் தள்ளிப்போடப்படுவதும் இதுவே. தரம் 6க்குப் பிறகு பிள்ளைகள் பாடத்துக்குப் பாடம் அறை மாறும் பாடசாலைகளில், அந்தப் பிள்ளையின் பிரிவை மட்டும் கீழ்த்தளத்தில் நிலையாக வைத்து ஆசிரியர்களை வரச் செய்யலாம். விஞ்ஞானகூடமும் கணினி அறையும் மேலே இருந்தால், செய்முறைக்குரிய பொருட்களைத் தட்டில் வைத்துக் கீழே கொண்டுவர முடிகிற பாடங்களைப் பிரித்தெடுங்கள். பெரும்பாலானவற்றைக் கொண்டுவரலாம். "நீ கீழே இருந்து வாசி, மற்றவர்கள் மேலே போய் வருவார்கள்" என்பது ஏற்பாடே அல்ல.

ஆண்டுத் தொடக்கத்தில் மட்டும் கீழே இறக்கிவிட்டு, அடுத்த வருடம் வழமைப்படி மேல்மாடி ஒதுக்குவதுதான் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. அறை ஒதுக்கும் ஆசிரியரின் பட்டியலில் பிள்ளையின் பெயர் க.பொ.த. சாதாரண தரம் வரை எழுதப்பட்டிருக்கட்டும்.

நாற்காலியோடு பிள்ளையைப் படியில் தூக்குவது அன்றாட வழியாக இருக்கக் கூடாது. தவிர்க்க முடியாத ஒரு நாளில் செய்ய நேர்ந்தால், பழகிய இரண்டு பெரியவர்கள் வேண்டும். மாணவர்கள் கூடாது. இடுப்புப் பட்டியைப் போட்டு, ஏறும்போது நாற்காலியின் முதுகைப் படிப்பக்கம் வைத்துப் பின்னோக்கிச் சாய்த்து ஒவ்வொரு படியாக இழுக்க வேண்டும். இறங்கும்போது பிள்ளை முன்னோக்கியிருக்க, அதே சாய்வு. முன்னால் நிற்பவர் அசையாத சட்டகத்தைப் பிடிக்க வேண்டும். கைதாங்கியையும் கால்தாங்கியையும் பிடித்தால் அவை கழன்று கையோடு வரும். அப்படியும் பிள்ளைகள் விழுகிறார்கள்.

5. மலசலகூடம்

பிள்ளை தண்ணீர்ப் போத்தலை நிரப்பியபடியே வீட்டுக்குக் கொண்டு போகிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். ஆம் என்றால் மலசலகூடம் சரியில்லை. காலையிலிருந்து குடிக்காமல் இருந்து சமாளிக்கும் பிள்ளைக்குத் தலையிடி, மலச்சிக்கல், சிறுநீர்த்தொற்று என்று ஒவ்வொன்றாக வரும். வரவு குறைவதற்கு இது ஒரு பெரிய காரணம். வெட்கத்தால் யாரும் வாய் திறப்பதில்லை.

குறைந்தபட்சத் தேவை: வெளிப்பக்கம் திறக்கும் கதவு. பிள்ளை உள்ளே விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அதன் உடலே அடைத்துவிடும். கொமட்டின் ஒரு பக்கமாவது நாற்காலியை நிறுத்த 90 செ.மீ. வெற்றிடம். நாற்காலியின் இருக்கையும் கொமட்டும் ஏறக்குறைய ஒரே உயரம். கைபிடிக் குழாயின் உயரத்தைப் புத்தகத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், பிள்ளையை இருத்தி, அது ஊன்றி எழும் இடத்தில் பென்சிலால் குறித்துப் பொருத்துங்கள். தைல் ஒட்டிய சுவரில் சின்ன பிளாஸ்டிக் அடைப்பான் வைத்துப் பூட்டிய குழாய் மூன்று மாதத்தில் ஆடும். செங்கல்வரை போகும் போல்ட் தேவை. பெரிய ஆள் ஒருவர் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே பிள்ளையை விடலாம். கைத்தெளிப்பான், சவர்க்காரம், குப்பைக்கூடை மூன்றும் இருந்த இடத்திலேயே கைக்கெட்ட வேண்டும்.

திறப்பு எங்கே என்பது அடுத்த கேள்வி. இப்படிக் கட்டிய மலசலகூடத்துக்குள் ஓரிரு வருடத்தில் விளையாட்டுப் பொருட்களும் பழைய பதாகைகளும் குடியேறிவிடும், திறப்பு அலுவலகத்தில் தொங்கும். ஒரு திறப்பு பிள்ளையிடமே இருக்கட்டும்.

உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அதே பாலைச் சேர்ந்த, பெயர் குறித்து நியமிக்கப்பட்ட பெரியவர் ஒருவரும், அவர் வராத நாளுக்கு மாற்றாள் ஒருவரும் வேண்டும். நேரத்தைச் சின்னக் கொப்பியில் குறித்து வையுங்கள். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உதவுபவருக்கும் பாதுகாப்பு. வகுப்பு நண்பர்களை இந்த வேலைக்கு ஒருபோதும் அனுப்ப வேண்டாம். முதுகுத்தண்டுப் பாதிப்புள்ள சில பிள்ளைகள் 3–4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் மூலம் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அந்த நேரம் பாடத்தின் நடுவில் வந்தால், கை தூக்கிக் கேட்காமலே எழுந்து போக ஆசிரியர்கள் எல்லோரும் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். பதில் ஆசிரியராக வருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

6. சரிவுப்பாதை: கணக்கு

ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அதாவது 1:12. தலா 15 செ.மீ. உயரமான மூன்று படிகள் என்றால் 45 செ.மீ.; நீளம் 5.4 மீட்டர் வர வேண்டும். "இவ்வளவு நீளத்துக்கு இடமில்லை சேர், 2 மீட்டரில முடிச்சுத் தாறன்" என்று பாஸ் சொல்வார். அந்தச் சரிவில் பிள்ளை தானாக ஏற முடியாது, தள்ளிவிடுபவரும் இறங்கும்போது கையைவிட்டால் நாற்காலி ஓடிவிடும். இடம் போதாவிட்டால் நடுவில் தட்டையான மேடை வைத்துத் திருப்புங்கள், அல்லது படி குறைந்த பக்கவாசலைத் தேர்ந்தெடுங்கள்.

அகலம் 1 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம் வேண்டும். மேல்மேடையில் கதவு வெளியே திறந்தால் அதற்கும் இடம் விடுங்கள். இரு ஓரங்களிலும் 7–10 செ.மீ. உயரக் கரை கட்டினால் சக்கரம் விலகி விழாது. கைபிடி பெரியவருக்கு 85–90 செ.மீ. உயரத்திலும், சிறுவருக்கு அதன் கீழ் இன்னொன்றும். மேற்பரப்பில் தைல் வேண்டாம். ஈரச் சீமெந்தில் ஈர்க்குத் தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் போதும், செலவும் மிச்சம். சரிவு முடியும் இடத்தில் வடிகான் வந்தால் மூடி போடாமல் விடாதீர்கள். வேலை முடிந்த அன்றே "வாகனம் நிறுத்தக் கூடாது" என்று நிலத்தில் மஞ்சள் கோடு இடுங்கள்.

7. நாற்காலி, மேசை, எழுத்து

நன்கொடையாக வரும் நாற்காலிகளில் பல பெரியவர்களுக்கான 18 அங்குல இருக்கை கொண்டவை. எட்டு வயதுப் பிள்ளை அதில் ஒரு பக்கம் சரிந்து உட்காரும், கை சக்கரத்துக்கு எட்டாது, முள்ளந்தண்டு வளையத் தொடங்கும். இருக்கை அகலம் இடுப்பு அகலத்தைவிட 2–3 செ.மீ. மட்டுமே கூட இருக்கலாம். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சரியான அளவில் உதவி பெறப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரை அணுகலாம். அளவை எழுதிக் கொடுங்கள், "ஒரு வீல்செயார்" என்று மட்டும் கேட்க வேண்டாம்.

வாரத்துக்கு ஒருமுறை டயரைப் பெருவிரலால் அழுத்துங்கள். 5 மி.மீ.க்கு மேல் அமிழ்ந்தால் காற்றுக் குறைவு, அப்போது பிரேக்கும் பிடிக்காது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பாடசாலைகளில் உப்புக்காற்றில் போல்ட்களும் பெயாரிங்கும் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். முன்சக்கர அச்சில் சுற்றிய தலைமயிரையும் நூலையும் எடுத்துவிட்டாலே பாதிச் சத்தம் நின்றுவிடும்.

சாதாரணக் கதிரையில் இருக்கும் பிள்ளைக்குப் பாதம் முழுதாக நிலத்தில் பட வேண்டும். தொங்கினால் பழைய தொலைபேசிப் புத்தகங்களைக் கட்டிக் காலடியில் வைத்தாலும் போதும். மேசையின் மேற்பரப்பு முழங்கை மட்டத்தில் அல்லது 2–3 செ.மீ. மேலே. கால் ஆடும் பிள்ளையின் கையெழுத்தும் ஆடும். கையெழுத்துப் பயிற்சிக் கொப்பி வாங்குமுன் இதைச் சரிசெய்யுங்கள்.

கை தளர்ந்த அல்லது இறுகிய பிள்ளைக்கு: தடித்த பெட்டி ஃபைலைப் படுக்கவைத்தால் 15 பாகை அளவுச் சாய்வுப் பலகை தயார். கொப்பி வழுக்காமல் இருக்க அலுமாரித் தட்டில் விரிக்கும் இறப்பர் விரிப்பில் ஒரு துண்டு. பென்சிலில் தடிப்பான இறப்பர்க் குழாய். இவற்றுக்குப் பிறகும் வேகம் வராவிட்டால் எழுதும் அளவைக் குறையுங்கள், பாடத்தைக் குறைக்க வேண்டாம். கரும்பலகையில் உள்ளதை முழுதாகப் பார்த்தெழுத வைப்பதில் கல்வி எதுவும் இல்லை. போனில் படம் எடுத்துக் கொடுக்கலாம், அல்லது ஆசிரியரின் குறிப்பின் பிரதியைத் தரலாம். பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு. கணினியில் எழுதும் பிள்ளைக்கு, ஷிப்ட் விசையை இன்னொரு விசையோடு சேர்த்து அழுத்த வேண்டிய தேவையை நீக்கும் ‘ஸ்டிக்கி கீஸ்’ அமைப்பை இயக்கிவிடுங்கள். கூகுளின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழுக்கென்று தனித் தெரிவு உண்டு. ஆனாலும் ல, ள, ழ குழம்பும், பிழைதிருத்த நேரம் ஒதுக்குங்கள்.

8. உடல் சொல்லும் எச்சரிக்கைகள்

பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கு அவசரப்படுத்தினால் தசை மேலும் இறுகும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். பேச்சுத் தெளிவின்மையை அறிவுக் குறைவாக எடுக்கும் தவறு இன்னும் நடக்கிறது. காலில் பிளாஸ்டிக் அணைகட்டு (பாதத்தையும் கணுக்காலையும் தாங்கிப் பிடிக்கும் உறை) போட்டிருந்தால், கழற்றி 20 நிமிடத்துக்குப் பிறகும் மறையாத சிவப்புத் தழும்பு இருக்கிறதா என்று வீட்டில் பார்க்க வேண்டும். இருந்தால் அணைகட்டு சிறுத்துவிட்டது.

டூசென் தசைநலிவு (தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் பரம்பரை நோய்) உள்ள பையனைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கக் கூடாது. தோள் தசை வலுவில்லாததால் கைகளுக்கிடையே நழுவி விழுவான். "பயிற்சி செய்தால் பலம் வரும்" என்று களைக்கும்வரை ஓடவைப்பதும் படியேற்றி இறக்குவதும் அவனுக்குத் தீங்கு. பெரும்பாலும் 12 வயதளவில் நடை நின்றுவிடும். தரம் 5இல் நடந்து வருகிறான் என்பதற்காகத் தரம் 7க்கான ஏற்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

முள்ளந்தண்டு சரியாக மூடாமல் பிறந்த பிள்ளைக்குக் காலில் உணர்வு குறைவு. வெயிலில் காய்ந்த சீமெந்துக் கட்டும் சூடான உலோகமும் தெரியாமலே புண்ணாக்கும். உட்கார்ந்தே இருப்பதால் வரும் அழுத்தப்புண்ணைத் தவிர்க்க, 15–30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கவோ ஒரு பக்கம் சாயவோ வேண்டும். இயற்கை இறப்பர் ஒவ்வாமை இப்பிள்ளைகளிடம் அதிகம், அதனால் பலூனும் இறப்பர்க் கையுறையும் வகுப்புக்குள் வேண்டாம். தலைக்குள் நீர் வடிக்கும் குழாய் பொருத்தியிருந்தால், கடும் தலையிடி, வாந்தி, தூக்கமயக்கம் சேர்ந்து வரும்போது வீட்டுக்கு அனுப்பிப் படுக்கவைப்பது ஆபத்து. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

மூட்டுவாதமுள்ள பிள்ளைக்குக் காலையில்தான் விறைப்பு. முதலாம் பாடத்தில் எழுத்து வேலை குறைவாக இருக்கட்டும், இடையிடையே எழுந்து நடக்க விடுங்கள்.

9. ஆட்கள்

முதல் மாதம் அம்மா மரநிழலில் காத்திருப்பார். அது இயல்பு. ஆறாம் மாதமும் அவரே அங்கே இருந்தால், பாடசாலை தன் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். எந்த வேலைக்கு அவர் தேவைப்படுகிறார் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பெயருக்கு மாற்றுங்கள்.

வகுப்பு நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதே, அதில் சாயாதே, ஊன்றுகோலைத் தூக்கி வைக்காதே. ஒரே பிள்ளையை நிரந்தர உதவியாளராக்கினால் இரண்டு பேருக்கும் சலிக்கும், முறை மாற்றுங்கள். பிள்ளை இல்லாத நேரம் பார்த்து வகுப்பில் "பாவம்" என்ற சொல்லோடு விளக்கம் கொடுக்க வேண்டாம். விளக்க வேண்டுமானால் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்.

பூசை அறைக்கும் மண்டபத்துக்கும் செருப்புக் கழற்றும் வழக்கமுள்ள பாடசாலைகளில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அணைகட்டோடு சேர்ந்த சப்பாத்தைக் கழற்றினால் பிள்ளையால் நிற்க முடியாது. ஈரத்துணியால் சப்பாத்தின் அடியையோ சக்கரத்தையோ துடைத்துவிட்டு உள்ளே விடலாம். வாணி விழாவில் எல்லோரும் நிலத்தில் இருக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் உயரத்தில் தனித்துத் தெரியாமல், ஓரத்தில் நாலைந்து கதிரைகள் போட்டு நண்பர்களையும் கூட இருத்துங்கள். பரிசளிப்பில் மேடைக்குத் தூக்கிக் கொண்டுபோய்க் கைதட்டு வாங்குவதைவிட, எல்லோருக்கும் மேடைக்குக் கீழே பரிசு கொடுப்பது மரியாதை. இல்ல விளையாட்டுப் போட்டியில் இருந்தபடி குண்டெறிதல், பந்தெறிதல் வையுங்கள், அதன் புள்ளி இல்லத்தின் கணக்கில் சேர வேண்டும்.

தீ ஒத்திகையில் இந்தப் பிள்ளையை "நீ வேண்டாம்" என்று விட்டுவிடும் வழக்கம் உண்டு. யார் கூட்டிப் போவது, எந்த வாசல், மாற்றாள் யார் என்பதை ஒத்திகையில்தான் அறிய முடியும்.

10. பரீட்சை

தரம் 5 புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம், உயர் தரம் ஆகியவற்றில் மேலதிக நேரம், பதிலாக எழுதுபவர் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்கலாம். பாடசாலைப் பரீட்சார்த்திக்கு அதிபர் ஊடாகவே, வைத்தியச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிறகு ஓடித் திரிவதைத் தவிர்க்க, வைத்திய நிபுணரின் கடிதத்தை ஒரு தவணை முன்பே எடுத்து வையுங்கள். கடிதத்தில் நோயின் பெயரோடு "தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் எழுத முடியாது" என்பதுபோல் விளைவும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதே ஏற்பாட்டைத் தவணைப் பரீட்சைகளில் இரண்டு வருடம் முன்பே தொடங்குங்கள். சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. கணிதத்தில் "பின்னம் தொடங்கு, மேலே 3x கூட்டல் 2, கோடு, கீழே 5" என்று சொல்லப் பழக வேண்டும். கேத்திரகணித உருவத்துக்குப் புள்ளிகளைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். பழகாத பிள்ளைக்கு மேலதிக நேரம் கிடைத்தும் வினாத்தாள் முடியாது. மேலதிக நேரம் என்பது மேலதிகக் களைப்பும்தான், அதனால் இடையில் ஓய்வு கேட்க வேண்டுமா என்பதையும் தவணைப் பரீட்சையிலேயே சோதித்துப் பாருங்கள்.

பரீட்சை நிலையம் வேறு பாடசாலையில் என்றால், பரீட்சைக்கு முன் ஒரு நாள் அங்கே போய் மண்டபம் எந்தத் தளத்தில், மேசைக்குக் கீழ் நாற்காலி நுழையுமா, மலசலகூடம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மேல்மாடி என்று தெரிந்தால் அதிபர் உடனே திணைக்களத்துக்கும் நிலையப் பொறுப்பாளருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பரீட்சை நாள் காலையில் கேட்டால் மண்டபத்தை மாற்ற யாருக்கும் வழியிராது.